திரும்பி வருவதற்கான மின்சாரம்
நீலகிரி மலைச்சரிவில் கிளைடர் பறக்கவிடுவோர் பிரஷ் மோட்டாரைக் கழற்றி பிரஷ்லெஸ் மோட்டார் பூட்டுவது பற்றி

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்விளிம்பில் நின்று, அனுமதி பெற்று, என் பழைய மின் கிளைடரைக் காற்றில் விட்டேன். கீழ்ச்சரிவிலிருந்து எழுந்த காற்று அதை இரண்டு நிமிடம் அழகாகத் தாங்கியது. பிறகு காற்றின் திசை மாறியது. கிளைடர் விளிம்பைத் தாண்டி நான் நின்ற பக்கத்துக்குப் பின்னால் போய்விட்டது. மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டியும் எதிர்காற்றில் அதனால் ஓர் அடி முன்னேற முடியவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்து, "தம்பி, அந்தா அந்த சில்வர் ஓக் கொம்புல மாட்டிக்கிச்சு பாருங்க" என்றார். "பாத்துட்டேன் அக்கா" என்று சொல்லிவிட்டு ஏணி தேடிப் போனேன்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி கூடவே வருகிறது. பழைய பிரஷ் மோட்டாரைக் கழற்றிவிட்டு பிரஷ்லெஸ் பூட்டினால் இன்னும் வேகமாக ஏறலாம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சமவெளி மைதானத்தில் பறக்கவிடுபவருக்கு அது சரியான காரணம். நீலகிரியில் காரணம் வேறு. இங்கே ஏற்றத்தைக் காற்றே கொடுத்துவிடும். மோட்டார் தேவைப்படுவது, காற்று கைவிடும்போது கிளைடரைத் திரும்பக் கொண்டுவர. இந்த ஒரு நோக்கத்தை மனதில் வைத்து மோட்டார், பேட்டரி, விசிறி, எடைச்சமன், சட்டம் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மலை தரும் ஏற்றம்

வீசும் காற்று மலைச்சரிவில் மோதினால் அதற்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. அந்த மேலெழும் காற்றின் வேகம் கிளைடர் இறங்கும் வேகத்தைவிட அதிகமானால் கிளைடர் ஏறும். இதைத்தான் ஸ்லோப் சோரிங் என்கிறார்கள். கிளைடர் விடுபவர்களுக்கு இது புதிது. இம்மலையின் பருந்துகளுக்கும் வல்லூறுகளுக்கும் பழைய பழக்கம்.

நீலகிரிக்கு இரண்டு பருவக்காற்றும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கூடலூர், நடுவட்டம் பக்கத்துச் சரிவுகளில் நேராக மோதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு. இரண்டிலும் காற்று நிறைய, மழையும் மேகமும் அதைவிட நிறைய. கிளைடருக்கு ஏற்றது ஜனவரி முதல் மே வரையிலான தெளிந்த காலைகள். வெயில் முதலில் படும் கிழக்குச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் காற்றை மேலே இழுக்கத் தொடங்கும் நேரம் அது. மதியத்துக்குமேல் பல நாட்களில் மூடுபனி ஏறிவரும்.

ஆனால் சரிவின் முன்பக்கம் எவ்வளவு கொடுக்கிறதோ, பின்பக்கம் அவ்வளவு பறிக்கும். விளிம்பைத் தாண்டிய காற்று மறுபக்கம் சுழன்று கீழே இறங்கும். அதில் சிக்கிய இலகுவான ஃபோம் கிளைடர் கல்லைப்போல விழும். சமவெளியில் எந்தப் பக்கம் விழுந்தாலும் புல்தரை. இங்கே கீழே தேயிலைச் செடி, நிழலுக்கு நட்ட சில்வர் ஓக், சோலைக்காடு, இல்லையென்றால் மின்கம்பி.

ஒரு கணக்கு சொன்னால் இது தெளிவாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிறது. அதன் மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். சாதாரண ஃபோம் கிளைடரின் சறுக்கு விகிதமும் ஏறத்தாழ அதே அளவுதான்: 12 மீட்டர் முன்னேற ஒரு மீட்டர் இறங்கும். ஆகவே காற்றே இல்லாத நேரத்தில் குன்னூரிலிருந்து விட்ட கிளைடர், மலை ரயில் மிகச் செங்குத்தாக இறங்கும் அதே சாய்வில் கீழே போய்க்கொண்டிருக்கும். ரயிலைத் தாங்கிப் பிடிக்கப் பல்சட்டம் உண்டு. கிளைடருக்கு மோட்டார் ஒன்றுதான்.

கரி பிரஷ்ஷின் காலம்

மின்சாரத்தில் பறந்த வானொலிக் கட்டுப்பாட்டு மாடல் விமானமாக முதலில் பதிவானது, 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்லின் பறக்கவிட்ட 'ரேடியோ குயின்'. ஜெர்மனியில் ஃபிரெட் மிலிட்கி மின் மாடல்களில் பல ஆண்டுகள் உழைத்தார். அந்த அனுபவத்தின் பலனாக 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவில் ஆள் ஏறிய மின்விமானமே பறந்தது. அது மோட்டார் பொருத்திய கிளைடர்தான். மின்பறத்தலின் தொடக்கத்திலேயே கிளைடர் இருந்தது. குறைந்த சக்தியில் நீண்ட நேரம் பறப்பதே அதன் குணம் என்பதால்.

பிறகு பல பத்தாண்டுகள் கிளைடர்களில் இருந்தவை 380, 540, 550 அளவு பிரஷ் மோட்டார்கள். பொம்மைக் காரிலும் டிரில்லிங் மெஷினிலும் இருப்பவற்றின் உறவினர்கள் அவை. அவற்றுக்குச் சக்தி தந்தது ஏழு செல் நிக்கல்-காட்மியம் பேட்டரி. பேட்டரி மட்டும் சுமார் 400 கிராம், மோட்டார் சுமார் 200 கிராம்.

அப்படி ஒரு மோட்டாரை ஒருமுறை செய்தித்தாள் விரித்துப் பிரித்தேன். உள்ளே இருந்து கறுப்பு மாவு கொட்டியது. கரி பிரஷ் தேய்ந்த தூள். சுழலும் செம்புத் துண்டுகளான கம்யூட்டேட்டரின் மேல், நகத்தால் தடவினால் தெரியும் ஆழத்தில் வளையமாகப் பள்ளம். பிரஷ் அதை உரசும் ஒவ்வொரு முறையும் உராய்வு, சூடு, தீப்பொறி. கொடுத்த மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் சுழற்சியாக மாறும். மிச்சம் வெறும் சூடு. தீப்பொறி வானொலி இரைச்சலையும் கிளப்பும் என்பதால் மோட்டாரின் முனைகளில் சிறு கெப்பாசிட்டர்களை சால்டர் செய்வது அன்றைய வழக்கம். அது இல்லாவிட்டால் ரிசீவர் குழம்பி சர்வோக்கள் உதறும்.

காந்தம் சுற்றுகிறது, காயில் நிற்கிறது

பிரஷ்லெஸ் மோட்டார் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. காயில் அசையாமல் நிற்கும், காந்தம் சுற்றும். சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொண்டுபோக வேண்டியதில்லை என்பதால் உரசுவதற்கு பிரஷ்ஷும் இல்லை. தேய்வது பேரிங் மட்டும். எந்தக் காயிலுக்கு எந்த நொடியில் மின்சாரம் என்பதைத் தீர்மானிப்பது வெளியே உள்ள இ.எஸ்.சி. என்ற மின்னணுப் பலகை. மூன்று கம்பிகளில் இரண்டில் மின்சாரம் ஓடும்போது, சும்மா இருக்கும் மூன்றாவதில் காந்தம் கடந்து போவதால் எழும் சிறு மின்னழுத்தத்தை அது அளக்கிறது. அதிலிருந்தே காந்தம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது புதிதல்ல. மின்கட்டணத்தைக் குறைக்க இப்போது எல்லோரும் வாங்கும் பி.எல்.டி.சி. சீலிங் ஃபேனும் இதே குடும்பம்தான். பழைய ஃபேன் 75 வாட் எடுத்த இடத்தில் இது ஏறத்தாழ 30 வாட்டில் ஓடுகிறது. 1962-இல் கட்டுரை வடிவில் முன்வைக்கப்பட்ட இந்த உத்தி சின்னக் கிளைடர் வரை வந்துசேர வேறு இரண்டு கண்டுபிடிப்புகள் தேவைப்பட்டன: 1980-களில் வந்த நியோடிமியம் காந்தம், 1991-இல் சந்தைக்கு வந்த லித்தியம்-அயன் பேட்டரியும் அதன் வழியில் வந்த லிப்போவும் (லித்தியம்-பாலிமர்).

மலையடிவாரத்துக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று அறியப்படுவது 1937-இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் செய்தது. பம்ப்செட்டும் வெட்கிரைண்டரும் அங்கே பிறந்து வளர்ந்த தொழில்கள். காயில் கட்டத் தெரிந்த கைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. எரிந்துபோன அவுட்ரன்னர் மோட்டாருக்கு (காந்தம் ஒட்டிய வெளிக்கூடே சுற்றும் வகை) மெல்லிய செம்புக்கம்பியைப் பல்லுக்குப் பல் சுற்றிப் புதுக்காயில் கட்ட முடியும் என்பது அவர்களுக்குச் சொல்லித்தெரிய வேண்டியதில்லை. வழக்கமான அவுட்ரன்னரில் 12 பல், 14 காந்தம், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

இரண்டு மீட்டர் இறக்கையுள்ள பழைய கிளைடரை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 1,300 கிராம். அதை 100 மீட்டர் தூக்க இயற்பியல் கேட்பது சுமார் 0.35 வாட்-மணி. மோட்டார், விசிறி, வழியில் ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்த்து பேட்டரியின் சக்தியில் கால்பங்கு உயரமாக மாறுகிறது என்று கொண்டால், ஓர் ஏற்றத்துக்கு 1.4 வாட்-மணி ஆகும். ஏழு செல் நிக்கல்-காட்மியம் பேட்டரியில் 1,700 எம்.ஏ.எச். இருந்தால் மொத்தம் 14 வாட்-மணி. பத்து ஏற்றம்.

பிரஷ்லெஸ், மடங்கும் விசிறி, மூன்று செல் 2,200 எம்.ஏ.எச். லிப்போ என்று மாற்றி எடை 1,100 கிராமாகக் குறைந்தால் கதையே வேறு. பேட்டரி சக்தியில் 45 சதம் உயரமாகிறது என்று கொண்டால் ஓர் ஏற்றத்துக்கு 0.67 வாட்-மணி போதும். பேட்டரியில் 80 சதத்தை மட்டும் செலவிட்டாலும் ஏறத்தாழ 29 ஏற்றம் கிடைக்கும். மூன்று மடங்கு.

மலைக்காரர் இந்த 29 ஏற்றத்தை வேறு மாதிரி எண்ண வேண்டும். ஐந்து ஏற்றம் போதும், மீதி இருப்பு. எதிர்காற்றில் முப்பது நொடி முழுவேகத்தில் திரும்பிவர, இறங்கும் இடத்தில் ஆள் வந்துவிட்டால் இன்னொரு வட்டம் சுற்ற, மூடுபனி வந்து மூடுவதற்குமுன் வீடு சேர. நின்ற இடத்தில் விசிறி தரும் உந்துவிசையைக் காட்டிலும் எதிர்காற்றைக் கிழிக்கும் வேகமே இங்கே முக்கியம் என்பதால், விசிறியின் முறுக்கு (பிட்ச்) மிகக் குறைந்ததாக இருக்கக்கூடாது. விசிறி காற்றைத் தள்ளும் வேகம், வீசும் காற்றின் வேகத்தைவிடத் தாராளமாக அதிகம் இருந்தால்தான் கிளைடர் முன்னே வரும். என் பழைய கிளைடர் மரத்தில் தொங்கியதற்குக் காரணம் அந்த வேகம் போதாததுதான்.

மெல்லிய காற்று

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். 15 டிகிரி குளிரில் ஊட்டியின் காற்றடர்த்தி, 30 டிகிரி வெயிலில் சென்னையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இதன் விளைவுகள் மூன்று.

முதலாவது, கிளைடர் மிதந்து நிற்கக் குறைந்தபட்ச வேகம் 12 சதம் கூடும். சென்னையில் நொடிக்கு 8 மீட்டரில் தரைதொடுவது ஊட்டியில் 9 மீட்டரில் தொடும். மோதும் ஆற்றல் கால்பங்கு அதிகம். கையில் ஓடும் கட்டுப்பாடு ஒன்றுதான் என்றாலும் வேகம் கண்ணை ஏமாற்றும். எடையைக் குறைப்பதற்கு மலையில் இரட்டை மதிப்பு வருவது இதனால்தான்.

இரண்டாவது, அதே விசிறி அதே சுழற்சியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே இழுக்கும். மின்சாரமும் அந்த அளவு குறைவாகவே எடுக்கும். எனவே ஒன்பது அங்குல விசிறிக்குப் பதில் அதே முறுக்கில் ஒன்பதரை அங்குலம் போடலாம். விசிறி எடுக்கும் சக்தி விட்டத்தோடு மிக வேகமாக வளர்வதால் அந்த அரை அங்குலமே இழந்ததை ஈடுகட்டிவிடும். ஆனால் அதே கிளைடரைக் கோடை விடுமுறையில் கோவைக்கோ சென்னைக்கோ கொண்டுபோனால் விசிறியை மாற்றியாக வேண்டும். ஊட்டியில் அளந்து சரிபார்த்த மோட்டார் கீழே அளவுக்குமீறி மின்சாரம் இழுத்துக் காயிலை எரித்துவிடும். பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவே வாட்மீட்டரை மாட்டி, பறக்கும் ஊரிலேயே ஒருமுறை அளப்பது நல்லது.

மூன்றாவது விளைவு மின்சாரத்துக்குச் சாதகமானது. நைட்ரோ, பெட்ரோல் இன்ஜின்களுக்கு மலையில் மூச்சு வாங்கும். காற்று குறைந்தால் எரிப்பும் குறையும். மின்மோட்டாருக்கு மூச்சே வேண்டாம். விசிறியை மாற்றினால் முழுபலமும் கிடைத்துவிடும். மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று மெல்லியதாக இருப்பது மட்டும் ஒரு குறை. மூக்கில் காற்று நுழையும் துளையும், பின்னால் அது வெளியேற அதைவிடப் பெரிய துளையும் வைத்தால் போதும்.

எடைச்சமன்: மாற்றத்தின் மையச்சிக்கல்

பிரஷ்லெஸ் மாற்றத்தில் பலர் தோற்பது மோட்டாரில் அல்ல, ஈர்ப்பு மையத்தில். மேலே சொன்ன கிளைடரில் 200 கிராம் மோட்டார் ஈர்ப்பு மையத்துக்கு 25 சென்டிமீட்டர் முன்னே, 400 கிராம் பேட்டரி 12 சென்டிமீட்டர் முன்னே இருந்தன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை 70 கிராம் அவுட்ரன்னராலும் 120 கிராம் லிப்போவாலும் மாற்றினால் 410 கிராம் குறையும். காகிதத்தில் பெரிய வெற்றி. ஆனால் ஈர்ப்பு மையம் ஏழு சென்டிமீட்டருக்கும் மேல் பின்னால் நகர்ந்துவிடும். 21 சென்டிமீட்டர் அகல இறக்கையில் அது கட்டுப்படுத்தவே முடியாத விமானம். கையை விட்டதும் மூக்கைத் தூக்கி விழும்.

இதற்காக மூக்கில் ஈயம் வைத்தால் 200 கிராமுக்கும் மேல் ஈயம் வேண்டும். மிச்சப்படுத்தியதில் பாதியைச் செத்த எடையாகத் திரும்ப ஏற்றுவது அது. ஈயத்தின் இடத்தில் வேலை செய்யும் எடையை வைப்பதுதான் வழி. 130 கிராம் அளவில் சற்றுப் பெரிய, குறைந்த கே.வி. மோட்டார், அதாவது ஒரு வோல்ட்டுக்குக் குறைவாகச் சுழன்று பெரிய விசிறியை நிதானமாகச் சுற்றுவது. 180 கிராம் லிப்போவை மூக்கை ஒட்டித் தள்ளி வைப்பது. இ.எஸ்.சி.யையும் முன்னால் கொண்டுவருவது. அப்படியும் நூறு கிராம் அளவு ஈயம் தேவைப்படலாம். மொத்தம் 1,100 கிராம். வாலைக் கனமாக்கும் பழைய பெயின்ட், தடித்த ஒட்டுப்பட்டை ஆகியவற்றை நீக்கினால் அந்த ஈயமும் குறையும். வாலில் ஒரு கிராம் குறைத்தால் மூக்கில் பல கிராம் மிச்சம்.

இன்னும் சில கைவேலைகள். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். இ.எஸ்.சி.யில் 'பிரேக்' அமைப்பை அவசியம் இயக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் நின்ற பிறகும் விசிறி காற்றில் சுற்றிக்கொண்டே இழுவையைக் கூட்டும், மடங்காது. புது மோட்டார் பலமாக இழுக்கும்போது கிளைடர் மூக்கைத் தூக்கும் என்பதால் ஷாஃப்ட்டைச் சில டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்ட வேண்டும். கடைசியாக, பழைய உடலின் இறக்கைக் குழாயைச் சோதிக்க வேண்டும். 100 வாட்டுக்கு வடிவமைத்த ஃபோம் இறக்கை, 250 வாட் ஏற்றத்துக்குப் பிறகான பாய்ச்சலில் மடங்கிவிடும்.

குளிரும் மேகமும்

டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் ஊட்டியில் உறைபனி படியும். லிப்போவுக்குக் குளிர் ஆகாது. உள்தடை கூடி, முழுவேகத்தில் மின்னழுத்தம் திடீரென்று சரியும். இ.எஸ்.சி. அதைப் பேட்டரி தீர்ந்ததாக எண்ணி மோட்டாரை நிறுத்திவிடும், அதுவும் திரும்பிவர வேண்டிய நேரத்தில். ஸ்வெட்டருக்குள் சட்டைப்பையில் பேட்டரியை வைத்துக்கொண்டு, பறக்கவிடும் நிமிடத்தில் மாட்டுவது எளிய தீர்வு. செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாமலும் 3.3-க்குக் கீழே இறக்காமலும், பறக்காத நாட்களில் 3.8-இல் வைத்தும் பார்த்துக்கொண்டால் பேட்டரி நெடுநாள் வரும்.

மேகத்துக்கு அப்படி எளிய தீர்வு இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் உயிரிழந்த ஹெலிகாப்டர் விபத்தை இம்மலை மறக்காது. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலையும் மேகத்துக்குள் நுழைந்ததும் காரணம் என்றே விசாரணை சொன்னது. கண்ணால் பார்த்து ஓட்டும் மாடலுக்கு அதிலிருந்து ஒரே பாடம்: கீழ்ப் பள்ளத்தில் வெண்மை ஏறுவது தெரிந்ததும் இறக்கிவிட வேண்டும்.

யார் வானம், யார் காடு

இந்தியாவில் 2021 ஆகஸ்ட் 25 முதல் நடப்பில் உள்ள ட்ரோன் விதிகள், பொழுதுபோக்கு மாடல்களையும் உள்ளடக்குகின்றன. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. மாடல் விமானம் கண்பார்வைக்குள் பறக்க வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி. மலையில் இந்த எண்ணை யோசித்துப் படிக்க வேண்டும். விளிம்பில் நிற்பவரின் கண்மட்டத்தில் பறக்கும் கிளைடர், பள்ளத்தாக்கின் மேல் போனதும் கீழ்த்தரையிலிருந்து 300 மீட்டர் உயரத்தில் இருக்கக்கூடும். சரிவை ஒட்டியே பறப்பது சட்டத்துக்கும் நல்லது. ஏற்றமும் அங்கேதான் கிடைக்கும்.

இடத்தேர்வு அதைவிட முக்கியம். வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் கல்லூரி, அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை. அந்தப் பக்கமே வேண்டாம். முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி 1970 முதல் விண்வெளியின் மிக மெல்லிய அலைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் அருகே எந்த டிரான்ஸ்மிட்டரும் தேவையில்லை. வென்லாக் டவுன்ஸ் புல்வெளி பார்க்க மைதானம்போல இருந்தாலும் வனத்துறையின் நிலம். முதுமலை, சீகூர் பக்கத்துப் பாறைகளும் வானமும் அருகிவரும் பாறுக்கழுகுகளுக்கு உரியவை. பருந்தோ கழுகோ அருகில் வந்தால் மோட்டாரை நிறுத்தி விலகிவிடுவதே மரியாதை. தோட்ட உரிமையாளரின் அனுமதியோடு, கொழுந்து பறிக்காத நாளில், வேலையாட்கள் இல்லாத சரிவில் பறப்பது மிகப் பாதுகாப்பு. புறப்படும் முன், வான்மண்டலங்களைக் காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்ப்பது கட்டாயம்.

2022 பிப்ரவரி முதல் ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்யத் தடை. உதிரிபாகங்களுக்கு அனுமதி தேவையில்லை. இருக்கும் கிளைடரைப் பிரித்து மாற்றிக்கட்டும் கைவினைக்கு இது ஊக்கம்.

முடிவாக

பிரஷ்லெஸ் மாற்றம் தேவையா என்ற கேள்விக்கு, நீலகிரியில், ஆம் என்பதே என் பதில். மோட்டாரின் வாட் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கினால் மட்டும் அது வீண். எடைச்சமனைக் கணக்கிட்டு, விசிறியை உயரத்துக்கு ஏற்பத் தேர்ந்து, பேட்டரியில் பெரும்பகுதியைத் திரும்பும் வழிக்கு ஒதுக்கினால், சரிவில் விட்ட கிளைடர் வீடு வந்துசேரும்.

1932-இல் பைக்காரா ஆற்று நீரைத் தொள்ளாயிரம் மீட்டருக்கும் மேல் இறக்கி, சிங்காராவில் மின்சாரமாக்கினார்கள். அந்த மின்சாரம் மலையிறங்கிப் போய்க் கோவையின் ஆலைகளையும் மோட்டார்களையும் ஓட்டியது. உயரத்தை மின்சாரமாக மாற்றிய மலை இது. சட்டைப்பையில் சூடாக வைத்திருந்த ஒரு சிறு பேட்டரி அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது: மின்சாரத்தை மீண்டும் உயரமாக்குகிறது. கோத்தகிரியின் அதே விளிம்பில், போன பிப்ரவரியில், காற்று மீண்டும் திசை மாறியது. மோட்டாரை இயக்கினேன். கிளைடர் எதிர்காற்றில் மெல்ல, நிச்சயமாக, சில்வர் ஓக் வரிசைக்கு மேலே ஏறித் திரும்பி வந்து, என் காலடிப் புல்லில் இறங்கியது. விசிறி மடங்கியிருந்தது. பேட்டரியில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது.